போன் ஏன் திணறுது, எப்படி ஸ்மூத்தா வச்சுக்கறது: கடைல தினம் கேக்கற கேள்விகள்

மன்னார்குடில 12 வருஷமா மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். டிஸ்ப்ளே உடைஞ்சு வர்றவங்கள விட "போன் ஹேங் ஆவுது, வேற வாங்கிடலாமா"ன்னு கேட்டு வர்றவங்கதான் இப்பல்லாம் ஜாஸ்தி, அதுவும் தை மாசி சம்பா அறுப்பு முடிஞ்சு கைல காசு வந்த ஒடனே வருவாங்க. அதுல நெறைய பேருக்கு புது போனே தேவைப்படாது. நெல்லு வித்த காசு 15 ஆயிரம் 20 ஆயிரம் அப்படி போறத பாக்க எனக்கு மனசு கேக்கல. அதான் திரும்பத் திரும்ப கேக்கறத எல்லாம் அவங்கவங்க கேட்ட மாதிரியே ஒரே எடத்துல எழுதி வைக்கறேன்.

"தம்பி, போன் ஸ்லோவா இருக்குங்கறான் பையன். ஸ்லோன்னா என்ன, ஸ்மூத்னா என்ன? எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

ஸ்க்ரீன்ல நீங்க பாக்கறது ஓடற படம் இல்லம்மா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா மாத்திக்கிட்டே இருக்கற படங்க. சாதாரண போன்ல ஒரு செகண்டுக்கு 60 படம், அதான் 60 ஹெர்ட்ஸ்ங்கறது. அப்படின்னா ஒவ்வொரு படத்தையும் தயார் பண்ண போனுக்கு 16.7 மில்லி செகண்ட்தான் இருக்கு. நீங்க வெரல வச்சு தள்ளும்போது அந்த நேரத்துக்குள்ள அடுத்த படம் ரெடி ஆவலன்னா பழைய படமே இன்னொரு தடவ நிக்கும், கண்ணுக்கு அது ஒரு வெட்டு வெட்டுன மாதிரி தெரியும்.

நடவுல பாத்திருப்பீங்கல்ல, கைல உள்ள நாத்து முடி தீர்றதுக்குள்ள அடுத்த முடி பக்கத்துல வந்து விழுந்துடணும். முடி தூக்கிப் போடற ஆளு செத்த நேரம் அசந்துட்டா கை நின்னுடும், வரிசையே நின்னுடும். நட்ட பொம்பளைங்க கை வேகம் கொறையல, முடி வரலங்கறதுதான் விஷயம். போன் திணறலும் அதே கததான். பெரும்பாலும் போனோட வேகம் கொறஞ்சிருக்காது, எங்கயோ ஒரு எடத்துல முடி வராம நிக்குது. அது எந்த எடம்னு கண்டுபிடிக்கறதுதான் கீழ உள்ள மொத்தமும்.

"4 ஜிபி ரேம்தான் இருக்கு, அதான் காரணமா? 8 ஜிபி வாங்கினா சரியாயிடுமா அண்ணே?"

ரேம்ங்கறது தெறந்து வச்சிருக்கற ஆப்புங்கள கைக்கு எட்டற மாதிரி வச்சுக்கற தற்காலிக மெமரி. அது ஜாஸ்தி இருந்தா நெறைய ஆப்ப பாதில விட்டுட்டு வந்து திரும்ப அதே எடத்துலேர்ந்து தொடரலாம், அவ்வளவுதான். வாட்ஸப்லேர்ந்து பேங்க் ஆப் போயி ஓடிபி பாத்துட்டு திரும்ப வர்றதுக்குள்ள முன்ன தெறந்தது மொதல்லேர்ந்து ஆரம்பிக்குதுன்னா அது ரேம் பத்தாத கொற. ஆனா வாட்ஸப்ப மட்டும் தெறந்து மேல கீழ தள்ளும்போதே வெட்டுதுன்னா அதுக்கும் ரேமுக்கும் பெருசா சம்மந்தம் இல்ல.

அட்டைப்பெட்டில "8 பிளஸ் 8 ஜிபி"ன்னு போட்டிருக்கறத நம்பி வாங்கிடாதீங்க. பின்னாடி உள்ள 8 ரேம் கிடையாது, ஸ்டோரேஜ்ல ஒரு பகுதிய ரேம் மாதிரி வச்சுக்கறது. ஸ்டோரேஜ் ரேம விட ரொம்ப ரொம்ப மெதுவு. ஸ்டோரேஜே நெறஞ்சு திணறிக்கிட்டு இருக்கற பழைய போன்ல நான் அத ஆஃப் பண்ணித்தான் குடுப்பேன்.

"ஸ்டோரேஜ் ஃபுல்லானா எடம்தானே இல்ல, போன் ஏன் ஸ்லோ ஆவணும்?"

இது ரொம்ப நல்ல கேள்வி, என் கடைக்கு வர்ற போன்ல முக்காவாசிக்கு வியாதியே இதுதான். போனுக்குள்ள இருக்கற மெமரி சிப்புல எழுதுனதுக்கு மேலயே திரும்ப எழுத முடியாது, மொதல்ல அழிக்கணும், அதையும் ஒவ்வொண்ணா அழிக்க முடியாது, ஒரு பெரிய கட்டமா மொத்தமாத்தான் அழிக்கும். அப்ப அந்த கட்டத்துல இருக்கற நல்லத எல்லாம் வேற காலி எடத்துக்கு மாத்திட்டுத்தான் அழிக்கணும். களத்துல நெல்லு முழுசா பரப்பி கெடக்கு, ஒரு மூலைல கூட்டணும்னா இந்தக் குவியல அங்க தள்ளணும், அங்க எடம் இல்லன்னா இன்னொண்ண நவுத்தணும். ஒரு போட்டோ வந்து விழுந்தா உள்ள இவ்வளவு வேல நடக்குது, அந்த நேரம் பாத்து நீங்க வெரல வச்சா போன் அப்படியே நிக்கும்.

போன வாரம் வடுவூர் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, 32 ஜிபி போனு, காலி இருந்தது 300 எம்பி. கேலரிய தெறந்தா பூரா காலை வணக்கம் படம்தான், ரோஜாப்பூ, ஆவி பறக்கற காப்பி டம்ளரு, முருகன், திரும்ப ரோஜாப்பூ. சொந்தக்காரங்க குரூப்பு ஏழு எட்டு இருக்கு, ஒரே படம் எல்லாத்துலயும் வந்து எறங்கிருக்கு. பேரன் வீடியோ எதையும் தொடாம, அவங்கள பக்கத்துல ஒக்கார வச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு அழிச்சோம், 9 ஜிபி காலி ஆச்சு. ஒரு பைசா செலவில்லாம போன் ஓட ஆரம்பிச்சுது.

நீங்களே பண்ணலாம். வாட்ஸப் செட்டிங்ஸ்ல "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா"க்குள்ள "மேனேஜ் ஸ்டோரேஜ்" இருக்கு, எந்த குரூப்பு எவ்வளவு அடைச்சிருக்குன்னு காட்டும், அங்கேர்ந்தே அழிக்கலாம். அதே எடத்துல மீடியா ஆட்டோ டவுன்லோடுன்னு இருக்கும், அதுல வீடியோவ எடுத்து விட்டுடுங்க. எப்பவும் மொத்த எடத்துல அஞ்சுல ஒரு பங்காவது காலியா வச்சுக்கங்க, இது என் அனுபவத்துல சொல்ற கணக்கு.

"நான் தினமும் எல்லா ஆப்பையும் மேல தள்ளி தள்ளி க்ளோஸ் பண்ணிடுவேன், அப்பவும் ஏன் ஸ்லோ?"

அதனாலயே கொஞ்சம் ஸ்லோ. பின்னாடி நிக்கற ஆப்பு நெறைய நேரம் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும், எடம் பத்தலன்னா ஆண்ட்ராய்டே அத எடுத்து விட்டுடும். நீங்க தள்ளி விட்டதும் அது செத்துடும், அடுத்த தடவ தொடும்போது மொதல்லேர்ந்து எழுந்து வரணும், அதுக்கு நேரமும் ஜாஸ்தி, பேட்டரியும் ஜாஸ்தி. 2016ல பேட்டரி மிச்சமாவ இப்படி க்ளோஸ் பண்ணணுமான்னு ஆப்பிள்கிட்ட கேட்டதுக்கு அவங்க சாஃப்ட்வேர் தலைவரு க்ரெய்க் ஃபெடரிகி தேவையில்லன்னு நேராவே பதில் சொன்னாரு, ஆண்ட்ராய்ட பாத்துக்கிட்டிருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் கிட்டத்தட்ட அதேதான் சொன்னாரு. ஏதாவது ஒரு ஆப் மாட்டிக்கிட்டு அசையல, சூடு கெளப்புதுன்னா அத மட்டும் தள்ளுங்க.

"க்ளீனர் ஆப், பூஸ்டர் ஆப் போட்டுக்கலாமா?"

வேண்டாம். போட்டிருந்தா எடுத்துடுங்க. மேல சொன்ன க்ளோஸ் பண்ற வேலையத்தான் அது விளம்பரத்தோட பண்ணுது.

"நடவு ஈரக்கையோட தொட்டா ஒண்ணும் வேல செய்யல, சார்ஜ் போட்டா தானா எங்கயோ ஓடுது. டிஸ்ப்ளே போச்சா?"

ஒடனே டிஸ்ப்ளே மாத்தாதீங்க. உங்க வெரலு பட்டா ஸ்க்ரீன்ல உள்ள மின்னூட்டம் மாறும், அத வச்சுத்தான் எங்க தொட்டீங்கன்னு கண்டுபிடிக்குது, தண்ணியும் சேறும் இருந்தா அதுக்கு எது வெரலு எது தண்ணின்னு கொழம்பிடும். தொடச்சுட்டு தொடுங்க. சார்ஜ் போடும்போது மட்டும் தானா ஓடுதுன்னா அது பெரும்பாலும் சார்ஜர் கோளாறு, மட்டமான சார்ஜர்லேர்ந்து வர்ற மின்சார எரைச்சல் டச்ச கொழப்பிடும். போனோட வந்த சார்ஜர்ல போட்டுப் பாருங்க, சரியா இருந்தா டிஸ்ப்ளே காசு மிச்சம்.

"டிபிசில, அதான் அரசு நெல்லு கொள்முதல் நிலையத்துல, நெல்லு போட ஆன்லைன்ல பதியறேன், வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. போன் தப்பா, நெட் தப்பா?"

வட்டம் சுத்தும்போது மேலேர்ந்து நோட்டிபிகேஷன் தெரைய இழுத்துப் பாருங்க. அது வழுக்கிக்கிட்டு எறங்குச்சுன்னா போன் நல்லாருக்கு, நெட்டோ அந்தப்பக்கம் உள்ள சர்வரோ பதில் சொல்லல. அதுவும் விட்டு விட்டு எறங்குச்சுன்னா போன்தான் திணறுது. இந்த ஒரு சோதனைய எல்லாரும் பழகிக்கணும், ஏன்னா நெட்டு கொறைக்காக புது போன் வாங்கிட்டு வந்து அதே வயல்ல நின்னு அதே வட்டத்த பாத்தவங்கள எனக்குத் தெரியும். அறுப்பு சமயத்துல எல்லாரும் ஒண்ணா பதியும்போது சர்வர் பக்கம் நெரிசல் ஆவும், விடியக்காலைல போட்டுப் பாருங்க.

ஜிபேல பணம் அனுப்பும்போது வட்டம் சுத்துனா மட்டும் கோவத்துல திரும்ப அமுக்காதீங்க. ஹிஸ்டரில போய் பாருங்க, பேங்க் மெசேஜ் பாருங்க, பொறவுதான் அடுத்தது.

"கத்திரில வயல்ல நின்னு வீடியோ எடுத்தா அஞ்சு நிமிஷத்துல போன் செத்த மாதிரி ஆயிடுது. வீட்டுக்கு வந்தா சரியாயிடுது. பேய் பிடிச்சிருக்கா?"

சூடு. போனோட மூளையான ப்ராசசர் வேல செஞ்சா சூடாவும், ஒரு அளவு தாண்டுனா உள்ள உள்ளது கெட்டுடக் கூடாதுன்னு போனே தன் வேகத்த கொறச்சுக்கும், வெளிச்சத்தையும் கொறைக்கும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்றதே சுத்தி உள்ள சூடு 35 டிகிரி வரைக்கும் இருக்கற எடத்துல பயன்படுத்துங்கன்னுதான், நம்ம ஊர்ல சித்திரை வைகாசில நெழல்லயே அத தாண்டிடும். அதுக்கு மேல வீடியோங்கறது கேமரா, ப்ராசசர், ஸ்டோரேஜ், ஸ்க்ரீன் நாலையும் ஒரே நேரத்துல வேல வாங்கற விஷயம்.

கவர கழட்டுங்க, துண்டு நெழல்ல வையுங்க, பைக் ஹோல்டர்ல வெயில பாத்து மாட்டிக்கிட்டே சார்ஜும் போட்டுக்கிட்டு மேப்பும் போட்டுக்கிட்டு போவாதீங்க. ஒருத்தரு சூடு தணியட்டும்னு ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுட்டாரு, உள்ள ஈரம் கோத்து போர்டே போச்சு, தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. மின்விசிறிக்கு கீழ பத்து நிமிஷம் போதும்.

"பேட்டரிக்கும் வேகத்துக்கும் என்னண்ணே சம்மந்தம்? சார்ஜ் நிக்கல, அது வேற, ஸ்லோ ஆவுது, அது வேற இல்லையா?"

ரெண்டும் ஒண்ணா இருக்கலாம். பேட்டரி வயசானா உள்ள மின்தடை கூடிடும், திடீர்னு நெறைய கரண்ட் கேட்டா வோல்டேஜ் டக்குனு எறங்கிடும். கேமரா தெறந்த ஒடனே 20 சதவீதத்துலயே போன் அணைஞ்சு போறது அதனாலதான். இத தவிர்க்க ஆப்பிள் 2017 ஜனவரில வந்த ஐஓஎஸ் 10.2.1ங்கற ஐபோன் அப்டேட்ல பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள கொஞ்சம் மெதுவா ஓட வச்சாங்க. ஜனங்களுக்கு வெளிப்படையா சொல்லல. அந்த வருஷம் டிசம்பர்ல விஷயம் வெளிய வந்து பெரிய சத்தம் ஆச்சு, மன்னிப்பு கேட்டு பேட்டரி மாத்தற வெலைய 79 டாலர்லேர்ந்து 29க்கு கொறச்சாங்க. பேட்டரி ஹெல்த் பாக்கற வசதி அடுத்த வருஷம் 11.3ல வந்தது அதுக்கப்பறம்தான்.

அதனால 3 வருஷம் ஓடுன போனு, ஸ்டோரேஜ் காலியா இருக்கு, சூடும் இல்ல, அப்பவும் திணறுதுன்னா பேட்டரிய மாத்திப் பாருங்க. பேட்டரி சேவர் ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கங்க, அது வேணும்னேதான் வேகத்த கொறைக்கும், நெறைய போன்ல 120 ஹெர்ட்ஸ 60க்கு எறக்கிடும். முதுகு உப்பிக்கிட்டு டிஸ்ப்ளே தூக்குதுன்னா அன்னைக்கே கொண்டாந்துடுங்க, சார்ஜ் போடாதீங்க.

"அப்டேட் பண்ணா போன் கெட்டுடும்ங்கறாங்க, பண்ணாம விட்டுடலாமா?"

பண்ணுங்க, ஓட்டைங்கள அடைக்கறது அதுல வருது, நம்ம பேங்க் பணம் அந்த போன்லதான் இருக்கு. பெரிய அப்டேட் போட்டு ரெண்டு நாளைக்கு போன் சூடாவும், திணறும், ஏன்னா ஆப்புங்கள எல்லாம் புது சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி உள்ள திரும்ப தயார் பண்ணிக்கிட்டு இருக்கும். ராத்திரி சார்ஜ் போட்டு வச்சுட்டு தூங்குங்க, அந்த நேரத்துல முடிச்சுக்கும். அதுக்குள்ள "அப்டேட் போட்டு போச்சு"ன்னு ஓடி வராதீங்க. ஸ்டோரேஜ் நெறஞ்ச போன்ல மட்டும் மொதல்ல எடம் பண்ணிட்டு அப்பறம் போடுங்க.

"நான் புதுசா வாங்குனது 120 ஹெர்ட்ஸ். என் ரூம்மேட் பழைய ஐபோன் வெறும் 60. ஆனா அதுதான் ஸ்மூத்தா தெரியுது, எப்படி?"

ஒரு காலேஜ் பையன் ரெண்டு போனையும் கவுண்டர்ல பக்கத்துல பக்கத்துல வச்சு தள்ளித் தள்ளி காட்டி கேட்டான், அவன் கண்ணு தப்பு இல்ல. 120ன்னா ஒவ்வொரு படத்துக்கும் இருக்கற நேரம் 8.3 மில்லி செகண்டா சுருங்கிடுது. நாத்து முடி ரெண்டு மடங்கு வேகத்துல வரணும். வந்தா பிரமாதம். வெலை கொறஞ்ச ப்ராசசர்ல கொஞ்ச நேரம் 120 வரும், சடார்னு 70க்கு விழும், திரும்ப ஏறும். நம்ம கண்ணு மெதுவ பொறுத்துக்கும், ஒழுங்கில்லாதத பொறுத்துக்காது, சீரா வர்ற 60 ஏறி எறங்கற 120 விட நல்லா தெரியறது அதனாலதான். ஐபோன்ல 120 மொதல்ல 2021ல 13 ப்ரோவுலதான் வந்தது, சாதா மாடலுக்கு 2025ல 17 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தன வருஷமும் 60 வச்சுக்கிட்டே ஸ்மூத்னு பேரு வாங்குனது இந்த சீருனாலதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஐபோன்ல அனிமேஷன ஓட்டற வேல ஆப்புக்கு வெளிய தனியா ஒரு எடத்துல நடக்குது, ஆப் வேற கணக்குல மாட்டிக்கிட்டு இருந்தாலும் ஏற்கெனவே ஆரம்பிச்ச அசைவு பெரும்பாலும் நிக்காது. ஆண்ட்ராய்டு ஆரம்பத்துல இதுல ரொம்ப பின்தங்கி இருந்தது. 2012ல 4.1 ஜெல்லி பீன்ங்கற வெர்ஷன்ல "ப்ராஜெக்ட் பட்டர்"னு பேரே வச்சு, ஸ்க்ரீன் புதுப்பிக்கற தாளத்தோட வரையற வேலைய ஒத்துப் போக வச்சாங்க, 2014ல 5.0 லாலிபாப்ல வரையறதுக்குன்னு தனி த்ரெட், அதான் மத்ததோட மாட்டிக்காம தனியா ஓடற வேலை வரிசை, குடுத்தாங்க. இப்ப நல்ல ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வித்தியாசம் சொல்றது கஷ்டம். அந்தப் பையன் போன்ல செட்டிங்ஸ்ல 60க்கு மாத்திக் குடுத்தேன், ரெண்டு நாள் கழிச்சு இதுவே தேவலாம்னு சொன்னான்.

"டெவலப்பர் ஆப்ஷன்ல அனிமேஷன 0.5 ஆக்குனா போன் பறக்குதுங்கறாங்க. நெஜமா, கண்ண ஏமாத்தறதா?"

ப்ராசசர் வேகம் ஒரு துளி கூடாது. ஆனா ஆப் தெறக்கும்போது வர்ற அசைவு பாதி நேரத்துல முடிஞ்சுடும், நீங்க காத்திருக்கற நேரம் நெஜமாவே கொறையும், அதனால ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். பில்டு நம்பர ஏழு தடவ தட்டுனா டெவலப்பர் ஆப்ஷன் தெறக்கும், உள்ள அனிமேஷன் ஸ்கேல்னு மூணு இருக்கும், மூணையும் 0.5 வையுங்க. மொத்தமா ஆஃப் பண்ணாதீங்க, எது எங்கேர்ந்து வந்துச்சு எங்க போச்சுன்னு தெரியாம திடுக் திடுக்னு மாறும், கொஞ்ச நேரத்துல கண்ணு வலிக்கும். டெவலப்பர் ஆப்ஷன் ஆன்ல இருந்தா சில பேங்க் ஆப் தெறக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும், அப்படி வந்தா அத அணைச்சுடுங்க.

"ரீசெட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடுமா?"

கொஞ்ச நாளைக்கு ஆவும், பாதிக்கு மேல காரணம் ஸ்டோரேஜ் காலி ஆனதுதான். அதையே மேல சொன்ன மாதிரி அழிச்சே பண்ணிக்கலாம், அதனால இது கடைசி வழி. அடிக்கறதுன்னா வாட்ஸப் பேக்கப் எடுங்க, போட்டோவ வேற எடத்துல காப்பி பண்ணி தெறந்து பாத்து உறுதி பண்ணுங்க, ரொம்ப முக்கியமா போன்ல இருக்கற கூகுள் ஐடியோட பாஸ்வேர்ட எழுதி வச்சுக்கங்க. பட்டன அமுக்கி வெளிலேர்ந்து ரீசெட் அடிச்சா திருட்டுப் போனோன்னு சந்தேகப்பட்டு பழைய ஐடி கேக்கும், தெரியலன்னா போன் பூட்டிக்கும். போன வாங்கித் தந்த பையன் வெளிநாட்டுல, அவன் போட்ட ஐடி அவனுக்கே ஞாபகம் இல்லன்னு வந்து நிக்கறவங்க எத்தனையோ பேரு.

"கடைல பாக்கும்போது வழுக்கிட்டு ஓடுச்சு, ஒரு வருஷத்துல இப்படி. வாங்கும்போதே எப்படி கண்டுபிடிக்கறது?"

டெமோ போன்ல ஒண்ணுமே இருக்காது, காலி களம் அது. அதனால நான் கேக்க சொல்றது ஸ்டோரேஜ் என்ன வகைங்கறது, இஎம்எம்சியா யூஎஃப்எஸ்ஸா. இஎம்எம்சி ஆத்துல ஒரு வண்டி மட்டும் போற பழைய பாலம் மாதிரி, படிக்கறது எழுதறது ரெண்டுல ஒண்ணுதான் ஒரு நேரத்துல, படிக்கற வேகம் செகண்டுக்கு 250, 300 எம்பி. யூஎஃப்எஸ்ல போறதும் வர்றதும் ஒரே நேரத்துல நடக்கும், 2.2 வகையே 1000 எம்பி பக்கத்துல வரும். ப்ளே ஸ்டோர் பத்து ஆப்ப அப்டேட் பண்ணிக்கிட்டு இருக்கும்போது நீங்க கேமரா தெறந்தீங்கன்னா இந்த வித்தியாசம் மொகத்துல தெரியும். கேமரா எத்தன மெகாபிக்சல்னு கேக்கற ஜனங்க இத கேக்கறதே இல்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

அடுத்தது எத்தன வருஷம் அப்டேட் தருவாங்கன்னு கேளுங்க. 2023ல கூகுள் பிக்சல் 8க்கும் 2024ல சாம்சங் எஸ்24க்கும் 7 வருஷம்னு சொன்னாங்க, வெலை கொறஞ்சதுல அவ்வளவு வராது, இருந்தாலும் கேளுங்க. முடிஞ்சா அதே மாடல ஒரு வருஷமா வச்சிருக்கற யாராவது ஒருத்தர் போன வாங்கி, கீபோர்ட தெறந்து தமிழ்ல வேகமா நாலு வரி டைப் பண்ணிப் பாருங்க.

"சிங்கப்பூர்லேர்ந்து அம்மாக்கு நல்ல போன் வாங்கியாந்தேன், எனக்கு பறக்குது, அம்மா பழசுதான் ஈசியா இருக்குங்கறாங்க. புது போன்ல என்ன கொற?"

கொற ஒண்ணும் இல்ல, அம்மா சொல்றதும் சரி. பழசுல கீழ மூணு பட்டன் இருந்தது, புதுசுல ஓரத்துலேர்ந்து வெரல இழுக்கணும், அவங்க வெரலு வேற எங்கயோ பட்டு வேற எதுவோ தெறக்குது, திரும்பி வர வழி தெரியாம நிக்கறாங்க. போன் நிக்கல, அவங்க நிக்கறாங்க, அவங்களுக்கு அதுவும் ஸ்லோதான். மொதல் கேள்வில சொன்ன நாத்து முடி இங்க வேற கைல சிக்கியிருக்கு.

செட்டிங்ஸ்ல நேவிகேஷன மூணு பட்டனுக்கு மாத்துங்க. எழுத்த பெருசு பண்ணுங்க. வயசானவங்க ஒரு தடவ தொடறதே நம்மள விட கொஞ்சம் அழுத்தி நிக்கும், போன் அத "நீள அமுக்கு"ன்னு எடுத்துக்கும், அக்சசிபிலிட்டில டச் அண்ட் ஹோல்டு டிலேன்னு இருக்கறத லாங் ஆக்குங்க. அப்பறம் பழைய போன பக்கத்துல வச்சுக்கிட்டு, அதுல வாட்ஸப் எந்த மூலைல இருந்ததோ அதே மூலைல வையுங்க, போன் பண்ற பச்ச பட்டன், டார்ச், எல்லாம் அதே எடத்துல. உங்க படத்த போட்டு வீடியோ கால் ஷார்ட்கட் ஒண்ணு மொத பக்கத்துலயே வச்சுட்டு, ஊருக்கு கெளம்பறதுக்கு முன்னாடி திண்ணைல ஒக்காந்து அம்மாவயே நாலு தடவ உங்களுக்கு அடிக்கச் சொல்லிப் பாருங்க, அவங்க கை எங்க தயங்குதோ அந்த எடத்த மட்டும் மாத்துங்க.